பழகிப் போவதும் எளிதாவதும்

பங்குனி மாதத்தில் திருமழபாடியில் நந்திக்குக் கல்யாணம் நடக்கும். திருவையாற்றிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் கொள்ளிடத்தைத் தாண்டி வருவார்கள். ‘நந்தி கல்யாணம் பார்த்தால் முந்திக் கல்யாணம்’ என்று எங்கள் பக்கத்தில் ஒரு வசனம் உண்டு. எனக்குக் கல்யாணமாகி முப்பது வருஷம் ஆகிவிட்டபடியால், நான் போனது அந்தப் பலனை உத்தேசித்து அல்ல. திருமானூரில் என் அக்கா இருக்கிறாள். அவளைப் பார்க்கப் போனவன், அவளையும் கூட்டிக்கொண்டு திருமழபாடிக்கும் போனேன். தெரிந்தவர் ஒருவர் வீட்டுக் கூடத்தில் பந்தி போட்டிருந்தார்கள். பழைய முறைப்படி பாய் விரித்து, இலை போட்டு, தரையில் உட்கார வைத்துப் பரிமாறினார்கள். உட்கார்ந்துவிட்டேன். எழுந்திருக்கத்தான் முடியவில்லை. பரிமாறிக்கொண்டிருந்த பையன் ஒருவன் ரசவாளியைக் கீழே வைத்துவிட்டு, என் இரண்டு கைகளையும் பிடித்துத் தூக்கி விட்டான். எனக்கு ஐம்பத்தெட்டு வயது. என் தகப்பனார் எண்பதாவது வயதிலும் திண்ணையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பஞ்சாங்கம் பார்த்தவர்.

அக்கா பந்தியில் உட்காரவே இல்லை. அவளுக்கு என்னைவிட எட்டு வயது அதிகம். மூட்டுவலி வந்த பிறகு அவள் தரையில் உட்காருவதை விட்டுப் பல வருஷங்கள் ஆகின்றன. பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றில், சுவரோரமாக, இலையை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டாள். வரும்போது வழியில் சொன்னாள்: “ஏன்டா தம்பி, யோகாசனம் பண்ணினால் சரியாயிடும்கிறாங்களே. நீ பண்ணிப் பாரேன். பண்ணப் பண்ண சுலபமாகுதான்னு எனக்குச் சொல்லு. சுலபமாகும்னா நானும் பண்றேன். ஆகாதுன்னா வேண்டாம், இருக்கிற வலியே போதும்.”

இவ்வளவு நேர்மையான கேள்வியை எந்த விமரிசகனும் எந்தப் புஸ்தகத்தைப் பற்றியும் கேட்டு நான் படித்ததில்லை. இதற்குப் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும் என்று பட்டது. ஆறு மாதம் திருமானூரிலேயே ஒரு அறையில் தங்கி எழுத வேண்டிய வேலையும் இருந்தது. ஒரு கோரைப்பாயை வாங்கினேன். எழுத்தைத் தொழிலாகக் கொண்டவன் எதையும் புஸ்தகத்திலிருந்துதான் தொடங்குவான். ஆகவே யோகம் பற்றிய நாலு நூல்களையும் எடுத்து வைத்துக்கொண்டேன். காலையில் பாயில் பிரயாசை, மாலையில் படிப்பு. நாவல்களைப் படிப்பது போலவே இவற்றையும் படித்தேன். அதாவது, ஆசிரியர் தமக்குத் தெரிந்ததைத்தான் சொல்கிறாரா, வாசகனை ஏமாற்றுகிறாரா என்ற சந்தேகத்தோடு படித்தேன்.

முதலில் பதஞ்சலி. சுமார் இருநூறு சூத்திரங்கள் உள்ள அந்த நூலில் ஆசனத்துக்கு என்று ஒதுக்கப்பட்டவை மூன்றே மூன்று. அதிலும் ஓர் ஆசனத்தின் பெயர்கூடக் கிடையாது. காலை எங்கே வைப்பது, கையை எங்கே வைப்பது என்று ஒரு வார்த்தை இல்லை. இருக்கை நிலையாகவும் சுகமாகவும் இருக்க வேண்டும் என்கிறார். பிரயத்தனம் தளர்வதால் அது கைகூடும் என்கிறார். கைகூடினால் குளிர், வெப்பம் போன்ற இரட்டைகள் தாக்கமாட்டா என்கிறார். அவ்வளவுதான். முதல் நாள் பாயில் உட்கார்ந்து முழங்கால் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் நிற்பதைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, ‘சுகம்’ என்ற அந்தச் சொல் பரிகாசம் போலத்தான் இருந்தது. சுகம் முடிவில் வருவதா, தொடக்கத்திலேயே இருக்க வேண்டியதா என்பதை அவர் சொல்லவில்லை. இந்த மௌனம் குறையா, நுட்பமா என்று தீர்மானிக்க எனக்கு நாலு மாதம் பிடித்தது.

பதஞ்சலியைப் பாரதியார் தமிழில் தந்திருக்கிறார் என்பது வாசகர்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். அவர் தந்தது முதற் பாதமாகிய சமாதி பாதம். ஆசனத்தைப் பற்றிய மூன்று சூத்திரங்களும் இரண்டாம் பாதத்தில் இருக்கின்றன. ஆகவே பாரதியாரின் கையைப் பிடித்துக்கொண்டு போகிறவனுக்கு மனசை அடக்கும் விஷயம் கிடைக்குமே தவிர, முழங்காலை மடக்கும் விஷயம் கிடைக்காது. ஆனால் அந்த முதற் பாதத்தில் என் அக்காவின் கேள்விக்கு நெருக்கமான ஓர் இடம் இருக்கிறது. அப்பியாசம் எப்போது உறுதியான தரையாகிறது என்பதற்கு மூன்று நிபந்தனைகள் சொல்லப்படுகின்றன: நீண்ட காலம் செய்ய வேண்டும், இடைவிடாமல் செய்ய வேண்டும், மதிப்போடு செய்ய வேண்டும். எத்தனை நாள் என்ற கணக்கு இல்லை. ‘எளிதாகும்’ என்ற வாக்குறுதியும் இல்லை. காலடியில் தரை உறுதிப்படும் என்பதுதான் வாக்குறுதி. நடக்கிற தூரம் குறையும் என்று அவர் சொல்லவில்லை.

இரண்டாவது திருமந்திரம். இது எங்கள் பக்கத்துச் சொத்து என்று எனக்கு ஒரு சிறு கர்வம் உண்டு. நந்தியின் அருள் பெற்ற எண்மரில் திருமூலர் ஒருவர், பதஞ்சலி ஒருவர் என்பது மரபு. அந்த நந்திக்குத்தான் எங்கள் கொள்ளிடக் கரையில் ஆண்டுதோறும் கல்யாணம். அங்கே நந்தி என்பது சிவபெருமானையே குறிக்கும் என்று சொல்கிறவர்களும் உண்டு. அந்த விவகாரத்தில் நான் தலையிடவில்லை. மூன்றாம் தந்திரத்தில் அட்டாங்க யோகம் வருகிறது. ஆசனத்துக்கு விரல்விட்டு எண்ணக்கூடிய பாட்டுகள்தாம். மூச்சுக்கு அதைவிட அதிகம். தாமரை இருக்கைக்கு இந்தக் காலை அந்தத் துடைமேல் வை என்ற அளவுக்குச் செய்முறை இருக்கிறது. ஆனால், வைக்க முடியாவிட்டால் என்ன செய்வது என்பதற்கு இடம் இல்லை. பக்கத்தில் ஒரு குரு உட்கார்ந்திருக்கிறார் என்ற நம்பிக்கையில் எழுதப்பட்ட பாட்டுகள் அவை. குரு இல்லாமல் அதைக் கையில் எடுத்தவனுடைய அவஸ்தைக்குப் பாட்டைக் குறை சொல்வது நியாயமாகாது.

ஆனாலும் திருமூலரின் கதையில் எனக்கு ஓர் ஆறுதல் கிடைத்தது. சாத்தனூரில் இறந்து கிடந்த மூலன் என்ற இடையனின் உடம்பில் அந்த யோகி புகுந்தார், திரும்பி வந்து பார்த்தபோது தம் பழைய உடம்பைக் காணவில்லை என்று பெரிய புராணம் சொல்கிறது. பக்தர்கள் இதில் அற்புதத்தைப் பார்ப்பார்கள். எனக்கு வேறொன்று தோன்றியது. பல காலம் பயின்று பக்குவப்படுத்திய சரீரம் போய்விட்டது. கையில் இருப்பதோ மாடுகளின் பின்னால் நடந்து நடந்து இறுகிப் போன கால்கள். அப்படியானால் அவரும் ஒரு நாள் காலையில் ஆரம்பப் பாடத்திலிருந்து தொடங்கியிருக்க வேண்டும் அல்லவா? முதலில் உடம்பை இழிவு என்று எண்ணியிருந்ததாகவும், அதற்குள் இருக்கும் பொருளைக் கண்ட பிறகு அதைப் பேணத் தொடங்கியதாகவும் அவர் அதே மூன்றாம் தந்திரத்தில் சொல்கிறார். இரவல் உடம்பில் இருந்துகொண்டு சொன்ன வார்த்தை என்று நினைத்துப் படித்தால் அதன் கனம் கூடுகிறது. ஐம்பத்தெட்டு வயதில் எல்லாருடைய உடம்பும் ஏறக்குறைய இரவல் உடம்புதான்; நமக்குத் தெரிந்த பழைய உடம்பு எங்கோ போய்விட்டிருக்கிறது.

மூன்றாவது, பதினைந்தாம் நூற்றாண்டில் சுவாத்மாராமர் எழுதிய ஹட யோகப் பிரதீபிகை. பதினைந்து ஆசனங்களை விவரிக்கிறது. கிழவன், மிகக் கிழவன், நோயாளி, பலவீனன் என்று ஒருவரையும் தள்ளாமல், சோம்பலின்றிப் பழகினால் சித்திக்கும் என்று தைரியம் சொல்கிறது. அக்காவுக்குப் படித்துக் காட்ட வேண்டிய பகுதி இது என்று குறித்து வைத்தேன். ஆனால் யோகத்தைக் கெடுப்பவை எவை என்று அதே நூல் ஒரு பட்டியல் தருகிறது. அதிக உணவு, அதிகப் பேச்சு இவற்றோடு அதிகப் பிரயாசையும் அதில் இருக்கிறது. சோம்பலும் கூடாது, அளவு மீறிய முயற்சியும் கூடாது. இரண்டுக்கும் நடுவில் உள்ள வரப்பு எவ்வளவு அகலம் என்பதை நடந்துதான் தெரிந்துகொள்ள வேண்டும்.

நாலாவது நூல்தான் இந்தக் காலத்தில் உலகம் முழுவதும் படிக்கப்படுவது. பி.கே.எஸ். ஐயங்கார் 1966-ல் லண்டனில் வெளியிட்ட ‘லைட் ஆன் யோகா’. ‘யோக தீபிகை’ என்பதும் அதற்கு அவர் இட்ட பெயர். 200 ஆசனங்கள், சுமார் 600 புகைப்படங்கள், பிடில் வித்துவான் யெஹூதி மெனுஹினின் முன்னுரை. முன் சொன்ன மூன்று நூல்களும் சொல்லாமல் விட்டதை எல்லாம் இது சொல்கிறது. பெருவிரல் எங்கே, குதிகால் எங்கே, எத்தனை வினாடி, மூச்சு உள்ளேயா வெளியேயா என்று ஒன்று விடாமல் இருக்கிறது. அதற்கு மேலும் ஒரு காரியம் செய்திருக்கிறார். ஒவ்வோர் ஆசனத்தின் பெயர்ப் பக்கத்திலும் ஒரு நட்சத்திரக் குறியும் ஓர் எண்ணும் உண்டு. எண் கூடக் கூடக் கஷ்டம் கூடும். நிமிர்ந்து நிற்கும் தாடாசனம் 1. கடைசிப் படி 60. நூலின் முடிவில் 300 வாரங்களுக்குப் பாடத்திட்டமும் இருக்கிறது. கிட்டத்தட்ட ஆறு வருஷம்!

முதலில் இந்த எண்கள் எனக்கு மிகுந்த உற்சாகத்தைக் கொடுத்தன. கஷ்டத்தை அளக்க ஒரு படி கிடைத்துவிட்டது. மூன்றில் இருந்தேன், நாலுக்கு வந்தேன் என்று நாட்குறிப்பில் எழுதலாம் என்று நினைத்தேன். பிறகுதான் உறைத்தது. அந்த எண்கள் ஆசனத்துக்கு ஆசனம் உள்ள கஷ்டத்தை அளக்கின்றன. ஒரே ஆசனம் ஒரே மனிதனுக்கு இன்றும் ஆறு மாதம் கழித்தும் எப்படி இருக்கும் என்பதை அளக்கவில்லை. ஏணிக்குப் படிகள் எத்தனை என்று தெரிகிறது. ஏறுகிறவனுக்கு மூச்சு வாங்குவது குறையுமா என்று தெரியவில்லை.

ஐயங்காரே சிறு வயதில் நோஞ்சானாக இருந்தவர். 1918-ல் கர்நாடகத்துப் பெல்லூரில், விஷக்காய்ச்சல் பரவிய காலத்தில் பிறந்து, மலேரியா, டைபாய்டு, காசநோய் எல்லாவற்றோடும் போராடியவர். மைசூரில் தம் அக்காள் புருஷர் கிருஷ்ணமாச்சாரியாரிடம் பாடம் கேட்டவர். கஷ்டம் என்றால் என்ன என்று தெரிந்த கைதான் அந்தப் புஸ்தகத்தை எழுதியது. வரிக்கு வரி அது தெரிகிறது. பத்மாசனத்தைப் பற்றிச் சொல்லும்போது, தரையில் உட்கார்ந்து பழகாதவர்களுக்கு முதலில் முழங்காலில் பொறுக்க முடியாத வலி இருக்கும், விடாமல் பழகினால் அது மெல்ல அடங்கும் என்று எழுதுகிறார். 1966-ல் இது மேல்நாட்டு வாசகர்களை மனசில் வைத்து எழுதப்பட்டது என்று நினைக்கிறேன். நாற்காலி ஜாதிக்குச் சொன்னது. இன்றைக்குத் திருமானூருக்கும் அது பொருந்துகிறது. கட்டிலும் சோபாவும் சாப்பாட்டு மேஜையும் வந்துவிட்ட வீடுகளில், நாமும் அந்த ஜாதியில் சேர்ந்துவிட்டோம். நம்முடைய ஆசனத்தை நாமே புதிதாகப் படிக்க வேண்டியிருக்கிறது.

ஆனால் அந்த வரியோடு எனக்குச் சண்டையும் உண்டு. அடங்கும் வலி ஒன்று, எச்சரிக்கும் வலி ஒன்று என்று இரண்டு இருக்கின்றன. துடைத் தசையில் இழுக்கும் வலியைப் பொறுக்கலாம். மூட்டுக்குள் குத்தும் வலியைப் பொறுப்பது வீரமல்ல, அசட்டுத்தனம். இடுப்புக் கிண்ணத்தின் அமைப்பு ஆளுக்கு ஆள் மாறுபடும். சிலருக்கு எத்தனை வருஷம் பழகினாலும் பத்மாசனம் அமையாது. வற்புறுத்தினால் இடுப்பு செய்யாத திருப்பத்தை முழங்கால் செய்யப் போய் அது கெடும். ஓர் ஆரம்பக்காரனுக்கு இதைவிட அவசியமான செய்தி இல்லை. இன்னொரு குறையும் சொல்ல வேண்டும். ஒவ்வோர் ஆசனத்தின் முடிவிலும் அதன் பலன் என்று ஈரல், மண்ணீரல் எல்லாவற்றுக்கும் நன்மை கூறும் பகுதி இருக்கிறது. நூலில் பலவீனமான பத்திகள் அவைதாம். உடம்பைப் பற்றி இவ்வளவு கவனமாக எழுதியவர், பலனைப் பற்றி எழுதும்போது மருந்துக் கடை விளம்பரத்தின் பக்கத்தில் போய் நிற்கிறார். 2014 டிசம்பரில் ஐக்கிய நாடுகள் சபை ஜூன் 21-ஐ யோக தினம் என்று அறிவித்த பிறகு வந்து குவிந்த சிறு பிரசுரங்கள் பல, அந்தப் பத்திகளை மட்டும்தான் படித்தவை போல இருக்கின்றன.

இனி என் அநுபவம். முதல் இரண்டு வாரம், தொடங்கியதைவிட மோசமாக இருந்தது. மூன்றாவது வாரத்திலிருந்து குனிந்தால் கை கணுக்காலுக்குப் போயிற்று. இரண்டாவது மாதம் சம்மணத்தில் பத்து நிமிஷம் இருக்க முடிந்தது. ‘எளிதாகும்’ என்று அக்காவிடம் சொல்லிவிடலாம் என்று கிளம்பினேன். ஆனால் முழங்கால் சத்தம் போடுவதை நிறுத்தியவுடன் மூச்சு சத்தம் போட ஆரம்பித்தது. அது ஒழுங்குக்கு வந்ததும் மனசு. கடைசியில் செத்தவனைப் போல மல்லாந்து கிடக்கும் சவாசனம் இருக்கிறதே, பார்வைக்கு இதைவிடச் சுலபமான காரியம் உலகத்தில் இல்லை. எனக்கு அதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது. வர வேண்டிய பணம், எழுதாத அத்தியாயம், ரசவாளிப் பையனின் முகம் எல்லாம் அப்போதுதான் வந்தன. ஐயங்கார் இதை மறைக்கவில்லை. எளிதாகத் தோன்றும் இந்த ஆசனம் கைவருவது மிகக் கடினம் என்றே எழுதியிருக்கிறார். தாம் போட்ட எண்களின் கணக்கைத் தாமே கலைத்துவிடும் அந்த நேர்மைக்காகவே அந்தப் புஸ்தகத்தை நான் மதிக்கிறேன்.

இந்த நிலையில்தான், புஸ்தகத்தில் இல்லாத ஒரு பதில் எனக்குக் கிடைத்தது. புள்ளம்பாடி வாய்க்காலில் தண்ணீர் வந்து நடவு நடந்துகொண்டிருந்தது. காலையில் பாயில் நான் அரை நிமிஷம் குனிந்து நிற்பதற்கு உத்தானாசனம் என்று பெயர். வயலில் பெண்கள் வரிசையாக, முழங்காலை மடக்காமல், அதே நிலையில் காலையிலிருந்து மத்தியானம் வரை நின்றார்கள். வரப்பில் வந்து வெற்றிலை போட உட்கார்ந்த ஓர் அம்மாவிடம், “எத்தனை வருஷமா நடவு நடுறீங்கம்மா? பழகப் பழக இடுப்புக்குச் சுலபமாயிடுமா?” என்று கேட்டேன். “கல்யாணத்துக்கு முன்னாடியிலேருந்து நடுறேங்கய்யா. பழகிப் போச்சுங்க,” என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: “வலிக்கலைன்னு இல்லீங்க. வலி பழகிப் போச்சு.”

வீட்டுக்கு வந்து நாலு புஸ்தகங்களையும் பார்த்துக்கொண்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன். நீண்ட காலம், இடைவிடாமல் என்ற இரண்டு நிபந்தனைகளையும் அந்த அம்மாள் என்னைவிட ஆயிரம் மடங்கு நிறைவேற்றியவர். அவருக்கு எளிதாகவில்லை. அப்படியானால் திரும்பத் திரும்பச் செய்வதால் மட்டும் எதுவும் எளிதாவதில்லை. தமிழில் ‘பழக்கம்’ என்ற ஒரு சொல்லுக்குள் இரண்டு அர்த்தங்களைப் போட்டு வைத்திருக்கிறோம். காரியம் கைவருவதும் பழக்கம்தான். துன்பம் மரத்துப் போவதும் பழக்கம்தான். யோக நூல்களைப் படிக்கிறவர்கள் இரண்டாவதைச் சாதித்துவிட்டு முதலாவது வந்துவிட்டது என்று நினைக்கும் அபாயம் இருக்கிறது.

வித்தியாசம் எங்கே? நான் போதும் என்றால் நிமிரலாம். அவர் நிமிர்ந்தால் அன்றைய கூலிக்குக் கேடு. என் குனிவுக்குப் பின்னால் ஓய்வு இருக்கிறது. அவர் குனிவுக்குப் பின்னால் இன்னொரு முடி நாற்று இருக்கிறது. பிரயத்தனம் தளர வேண்டும் என்று பதஞ்சலி சொன்னதன் பொருள் எனக்கு அப்போதுதான் தட்டுப்பட்டது. முயற்சியைக் குறைத்துக்கொள்ளும் சுதந்திரம் உள்ள இடத்தில்தான் ஆசனம் உண்டு. அது இல்லாத இடத்தில் உள்ளது உழைப்பு. மூன்றாவது நிபந்தனையாகிய மதிப்பு என்பதும், உட்காருகிறவன் தன் உடம்புக்குக் கொடுக்கும் மதிப்பையும் சேர்த்துத்தான் என்று நான் எடுத்துக்கொள்கிறேன். உரைகாரர்கள் ஒப்புக்கொள்வார்களோ என்னவோ! சுகம் முடிவில் கிடைக்கும் பரிசு அல்ல. தொடக்கத்திலிருந்தே கூட வர வேண்டிய நிபந்தனை. அந்த மௌனம் நுட்பமே என்று நாலாவது மாதத்தில் தீர்ப்பளித்தேன்.

தற்கால ஆராய்ச்சிகளும் இதற்கு விரோதமாக இல்லை. நீட்டிப் பழகுகிற முதல் சில வாரங்களில் கை அதிக தூரம் எட்டுவதற்குக் காரணம், தசை நீண்டுவிட்டது என்பதைவிட, அந்த இழுப்பை நரம்புகள் ஆபத்து என்று எண்ணாமல் விடத் தொடங்குவதே என்று சொல்கிறார்கள். பயம் குறைகிறது என்று நம் பாஷையில் சொல்லலாம். கடினமான நாவலை இரண்டாம் தடவை படிக்கும்போது புஸ்தகம் மாறுவதில்லை. வாசகன் பயப்படாமல் படிக்கிறான். அது போலத்தான் இதுவும். ஆனால் பலவந்தமாகப் படிக்க வைத்த நாவல் யாருக்கும் எளிதானதில்லை.

ஐயங்கார் பிற்காலத்தில் கயிறு, நாற்காலி, கட்டை, திண்டு எல்லாவற்றையும் துணைக்கு வைத்துக்கொண்டு முதியவர்களுக்கும் நோயாளிகளுக்கும் கற்றுக் கொடுத்தார். 2014-ல் மறைந்த அவர், தம் முதல் புஸ்தகத்துக்குத் தாமே எழுதிய திருத்தம் அது என்பது என் அபிப்பிராயம். கிருஷ்ணமாச்சாரியாரின் குமாரர் தேசிகாச்சார், 1976-ல் சென்னையில் தகப்பனார் பெயரால் யோக மந்திரம் நிறுவியவர், இன்னும் ஒரு படி போனார். மனிதனை ஆசனத்துக்கு ஏற்ப வளைப்பதல்ல, ஆசனத்தை மனிதனுக்கு ஏற்ப அமைப்பதே முறை என்பது அவர் பாடம். இந்த இரண்டையும் சேர்த்துப் படிக்காமல் 600 படங்களை மட்டும் பார்க்கிற ஆரம்பக்காரன், ஒரு காவியத்தின் யுத்த காண்டத்தை மட்டும் படித்தவன் ஆவான்.

அக்காவிடம் போய்ச் சொன்னேன்: “சுலபமாகும் அக்கா. ஒண்ணு சுலபமானதும் அடுத்தது கஷ்டமா வரும். அது பரவாயில்லை. ஆனா மூட்டுக்குள்ளே வலிச்சா, பழகிப் போகட்டும்னு மட்டும் இருக்கக் கூடாது.” அவள் வைத்தியரைக் கேட்டுக்கொண்டாள், தரை வேண்டாம், உயரமாக எதன்மேலாவது உட்காரலாம் என்றார் அவர். மாமா பரணிலிருந்து பழைய மணைப் பலகைகள் மூன்றை இறக்கி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மேலே ஜமுக்காளத்தை மடித்துப் போட்டார். சுவரில் சாய்ந்து, ஒரு காலை மட்டும் மடக்கி, மற்றதை நீட்டிக்கொண்டு அக்கா உட்கார்ந்தாள். எந்த நூலிலும் இந்த ஆசனத்துக்குப் பெயர் இல்லை. ஐந்து நிமிஷம் இருந்தாள். பிறகு முறத்தைக் கொண்டுவரச் சொல்லி, அங்கேயே உட்கார்ந்து கீரை ஆய்ந்தாள்.

எழுந்திருக்கும்போது கையைக் கொடுத்தேன். அடுத்த பங்குனிக்குள் ஒரு பலகையை எடுத்துவிடலாமா என்று கேட்டாள். பார்க்கலாம் என்றேன்.